பட்டாளத்துப் பெட்டியும் இரும்புக் கட்டிலும்: வேலூர்ப் பக்கம் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியறையில் பதினோரு டிரங்குப் பெட்டி, நான்கு இரும்புக் கட்டில், இரண்டு மடக்கு மேசை, கணக்கில்லாத மடக்கு நாற்காலி இருக்கின்றன. எல்லாம் 1940-களிலிருந்து 1970-கள் வரையிலான பட்டாளத்துச் சாமான்கள். பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

மிலிட்டரி இரும்புச் சாமான் என்றால் எதெல்லாம் சேரும்?

கறுப்பு அல்லது பச்சை டிரங்குப் பெட்டி, பிரித்து மாட்டும் இரும்புக் கட்டில், கேம்ப் கட்டில், மடக்கு மேசை நாற்காலி, ஆபீஸ் மேசை, ஃபைல் பீரோ, படுக்கையோரம் வைக்கும் சின்ன அலமாரி. தோட்டாப் பெட்டியையும் இருபது லிட்டர் ஜெர்ரி கேனையும் சிலர் சேர்ப்பார்கள். அவை ஃபர்னிச்சர் இல்லைதான், ஆனால் என் வீட்டில் தோட்டாப் பெட்டி மேல்தான் டேபிள் ஃபேன் நிற்கிறது.

வேலூர்ப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கிடைக்கிறது?

இங்கே பட்டாளத்துக்குப் போகாத ஊர் குறைவு. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பார். பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்குப் போனவர்கள் நம் பக்கம் ஏராளம். அந்தப் படைக்காரர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப்பெயர். இவர்கள் ரிட்டயர் ஆகி காட்பாடி ஜங்ஷனில் இறங்கும்போது கையோடு வந்தவைதான் பெட்டிகள். அரக்கோணத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம் இருந்தது. 1992 முதல் அது கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி.

இன்னொரு காரணம் காற்று. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும். நமக்குக் கொளுத்தும் வெயில்தான், ஆனால் காற்றில் உப்பு இல்லை. அறுபது வருஷப் பெட்டி அடிப்பக்கம் தவிர நன்றாகவே இருக்கும்.

எங்கே தேடுவது?

எல்லோரும் முதலில் காயலான் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே போய்ச் சேரும் நேரத்தில் பெட்டி பாதி செத்திருக்கும். மூடி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், மேலே நாலு மூட்டை கம்பி. கடைக்காரரிடம் நம்பர் கொடுத்து, "நசுக்குவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கண்ணா" என்று சொல்லி வைப்பது பலன் தரும். எனக்கு மூன்று பெட்டி அப்படித்தான் கிடைத்தது.

நல்ல சாமான் இருப்பது வீடுகளில். பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். பரண் காலியாகும் நாள் அது. நெல்லோ பழைய துணியோ போட்டு வைத்த பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும்.

மூன்றாவது வழி அரசு ஏலம். படைத்துறையில் கழித்துக்கட்டும் சாமான்களை எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் இணையத்தில் ஏலம் விடுகிறது. ஆனால் அது லாட் லாட்டாக, டன் கணக்கில் போகும். நாலு நாற்காலி வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. ஏலம் எடுத்த வியாபாரியைப் பிடிப்பதே சுலபம்.

இது நிஜமாகவே பட்டாளத்துப் பெட்டியா, எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். பட்டாளத்துக்காரர் தன் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு, சொந்த ஊர் விலாசம் எல்லாம் எழுதியிருப்பார். ரயிலில் நூறு கறுப்புப் பெட்டி ஒன்றாக ஏறும்போது தன்னுடையதைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. அந்த விலாசம்தான் உங்களுக்குக் காலண்டர்.

மாநிலம் 'மெட்ராஸ்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் எழுதியது. அந்த மாதம்தான் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஆகவே 632 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பின்னால். 'என்.ஏ. டிஸ்ட்ரிக்ட்' என்று வட ஆற்காட்டைச் சுருக்கி எழுதியிருந்தால் பெரும்பாலும் 1989-க்கு முன். அந்த வருஷம்தான் மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனியாக்கினார்கள். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் இன்னமும் வட ஆற்காடு என்றே விலாசம் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

'56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' என்றிருந்தால் அது படைத்தபால் முகவரி. முன்னது பொதுவாக வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு, பின்னது கிழக்குக்கு. 99 என்று பார்த்தால் அசாம் பக்கமோ நாகாலாந்து பக்கமோ போய் வந்த பெட்டி என்று நினைத்துக்கொள்ளலாம். 'எம்.இ.எஸ்.' என்று எழுதிய கட்டிலோ மேசையோ படைக் குடியிருப்புகளையும் அங்குள்ள ஃபர்னிச்சரையும் பார்த்துக்கொள்ளும் மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸ் உடையது.

பிரிட்டிஷ் காலத்துச் சாமானில் கோழிக்கால் தடம் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறி குத்தியிருக்கும். அது அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. அம்பைச் சுற்றி ஆங்கில 'சி' எழுத்து இருந்தால் கனடா, இரு பக்கமும் 'டி' இருந்தால் ஆஸ்திரேலியா.

எழுத்தே இல்லை, பெயிண்ட் போய்விட்டது. அப்போது?

டேப் எடுத்து அளந்து பாருங்கள். 36 அங்குலம், 18 அங்குலம் என்று முழு அங்குலத்தில் வந்தால் பழைய வார்ப்பு. இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-ல் வந்தது, 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமானது. பட்டறைக்காரர்கள் அங்குலத்தை இன்றும் விடவில்லை என்பதால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கூடவே திருகாணியைப் பாருங்கள். தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? கூட்டல் குறித் திருகாணி அமெரிக்காவில் 1930-களில் வந்த சரக்கு, நம் பட்டறைகளுக்கு வர இன்னும் நாளாயிற்று. பழைய போல்ட்டுக்கு இன்றைய நட் ஏறாமல் அடம் பிடித்தால் அது பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை. அதன் மரைக்கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. பலவந்தமாகத் திருகி மரையை அழித்துவிட வேண்டாம். ஆற்காட்டிலோ ராணிப்பேட்டையிலோ லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் அதற்கேற்ற நட் கடைந்து கொடுப்பார்.

வேலூர்க் கோட்டைப் புரட்சிக் காலத்துப் பெட்டி என்று ஒருவர் சொல்கிறாரே?

புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. ஸ்பாட் வெல்டிங் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டியின் உள்பக்கம் சின்னப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் தடம் தெரிந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். என்னிடமே இரண்டு பேர் விற்கப் பார்த்தார்கள்.

வெளிநாட்டுச் சாமான் ஏதாவது மாட்டுமா?

அரிது. அமெரிக்கக் கடற்படைக்காக எமெகோ நிறுவனம் 1944 முதல் செய்த அலுமினிய நாற்காலியைப் படத்தில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். 1006 என்பது அதன் எண். எழுபத்தேழு படிகளில் செய்யப்படுவதாக நிறுவனமே சொல்லிக்கொள்ளும். இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், நகல்களும் கொட்டிக் கிடக்கின்றன. ஆகவே அந்த உருவத்தைப் பார்த்ததுமே பழசு என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்க அரசு ஆபீஸ்களில் இருந்த, டேங்கர் என்ற பட்டப்பெயர் கொண்ட கனமான எஃகு மேசை இங்கே வந்து நான் பார்த்ததில்லை.

அலுமினியமா எஃகா என்று சந்தேகம் வந்தால் காந்தத்தை வையுங்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பது இந்தப் பொழுதுபோக்கின் அடையாள அட்டை.

கோத்ரெஜ் பீரோ சேருமா?

பட்டாள ஆபீஸில் இருந்து வந்ததற்கு அடையாளம் இருந்தால் சேரும், இல்லாவிட்டால் அது வெறும் நல்ல பீரோ. கோத்ரெஜ் 1923-லிருந்து இரும்பு பீரோ செய்கிறது. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு லட்சக்கணக்கில் ஓட்டுப் பெட்டி செய்து கொடுத்ததும் அவர்கள்தான். அந்தப் பெட்டி ஒன்று கிடைத்தால், மிலிட்டரி இல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பெட்டி சாவது அடியில்தான். வீடு கழுவும் தண்ணீர் தினமும் அடியில் போய் நிற்கும், மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா, அடியில் புதுத் தகரம் வைத்துப் பட்டி பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

பிறகு தூக்கிப் பாருங்கள். 36-க்கு 18-க்கு 15 அங்குலப் பெட்டி, 22 கேஜ் கனமுள்ள தகரத்தில் செய்திருந்தால் ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். ஒரு கையில் அலட்சியமாகத் தூக்க முடிகிறதென்றால் அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விற்கும் மெல்லிய தகரம், மேலே பச்சைப் பெயிண்ட் மட்டும்தான் மிலிட்டரி. மூடியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நல்ல வேலையில் தகரத்தைக் கம்பி மேல் சுருட்டியிருப்பார்கள், கையை அறுக்காது. கீல், நாதாங்கி, கைப்பிடி ஆகியவை பழைய ரிவெட்டிலேயே இருக்கின்றனவா என்பதும் முக்கியம். கைப்பிடி மட்டும் புதுசு என்றால் மன்னித்துவிடலாம்.

கட்டில் என்றால் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி. கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் எல்லா மூட்டிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வாங்கினால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். மடக்கு நாற்காலியில் ரிவெட் தேய்ந்திருந்தால் உட்கார்ந்ததும் விரலைக் கடிக்கும். என் இடதுகை நடுவிரலில் தழும்பு இருக்கிறது.

துருவை எப்படி எடுப்பது?

உதிரும் துருவை வயர் பிரஷால் தேய்த்து எடுங்கள். திருகாணி, நாதாங்கி மாதிரி சின்னச் சாமான்களை ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுக் காலையில் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். 'அப்புறம் துடைக்கலாம்' என்று டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும்.

பெரிய பரப்புக்கு நான் செய்வது கடுக்காய். சிரிக்காதீர்கள். கடையில் விற்கும் துருமாற்றிகளில் பல டேனிக் அமிலத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. துருவில் உள்ள இரும்போடு டேனின் சேர்ந்து கருநீல நிறத்தில் ஒரு படலமாகும். அந்த டேனின் கடுக்காயில் நிறைய உண்டு. கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் வைத்துத்தான் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குரோமியம் வருவதற்கு முன் தோல் பதனிட்டார்கள். கடுக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தை. ஆக இது நம் ஊருக்குத் தெரிந்த ரசாயனம்தான்.

கொட்டையை நீக்கித் தோலை இடித்து, கெட்டியாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் பிரஷால் தடவுங்கள். சில நிமிடத்தில் சிவப்பு கறுக்கத் தொடங்கும். மறுநாள் இன்னொரு பூச்சு. பொருக்குப் பொருக்காக எழும்பிய தடித்த துருவில் இது வேலை செய்யாது, மெல்லிய துருவுக்குத்தான். சிமென்ட் தரையில் சிந்தினால் கறை போகாது. என் மனைவி அந்தக் கறையைத் தினமும் எனக்குக் காட்டுகிறார்.

கடைசியில் மெல்லிசாக ஆளிவிதை எண்ணெய் அல்லது காருக்குப் போடும் மெழுகு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்கலாமா?

கூடாது. இந்தப் பதிலுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் முதல் பெட்டி பெரியப்பாவுடையது. சாப்பர்ஸில் இருந்தவர். அவர் போனபின் பெரியம்மா அதை எனக்குக் கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, ஆலிவ் பச்சையில் பளபளவென்று ஆக்கிவிட்டு, பெருமையாகப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூடியைக் கையால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அவரு நம்பர் எங்கடா?" என்றார். பென்ஷன் புத்தகத்தில் இருந்த அதே நம்பர், அவருக்கு மனப்பாடம். கடிதம் எழுதும்போதெல்லாம் எழுதிய நம்பர் அல்லவா.

அதைத் திரும்ப எழுத ஆள் வைக்கலாம். இலக்கங்களும் சரியாகவே வரும். ஆனால் பெரியப்பா எழுதிய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும், 4 ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை நான் உப்புத்தாளில் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அந்தப் பெட்டி இன்றும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது, வருபவர்களுக்கு நான் காட்டுவதில்லை.

ஆகவே எழுத்துள்ள பக்கத்தில் கை வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு மெழுகு, அவ்வளவுதான். பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் அடியிலும் உள்ளேயும் அடியுங்கள். மேலே ஒரு பெயிண்ட் பூச்சுக்கடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தால், இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். பெயிண்ட்டின் மேடு நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

எழுத்தே இல்லாத பெட்டி என்றால் எந்த நிறம் அடிப்பது?

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 5 நிற அட்டையில் ஆலிவ் பச்சை 220-ஆம் எண். அந்த எண்ணைச் சொன்னால் பெயிண்ட் கடையில் புரியும். கடற்படைச் சாம்பலுக்குக் கிட்டத்தில் வருபவை அதே அட்டையில் 632, 697 என்ற அட்மிரால்டி சாம்பல் நிறங்கள். பளபளப்பு வேண்டாம், மேட் கேளுங்கள்.

பவுடர் கோட்டிங்?

ஏறக்குறைய 200 டிகிரி அடுப்பில் சுட்டெடுப்பது. உறுதிதான். ஆனால் பார்க்க ஃபிரிட்ஜ் மாதிரி ஆகிவிடும்.

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்குமாமே, வீட்டில் குழந்தை இருக்கிறது.

இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சையிலும் மஞ்சளிலும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். தேய்த்த சேற்றைத் தாளில் வழித்து எடுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். ஊதுகுழாயால் சுட்டு பெயிண்ட் எடுக்கும் வேலை கண்டிப்பாக வேண்டாம். பெயிண்ட் உதிர்கிற கட்டிலில் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது. கம்பியைச் சப்பும் வயது தாண்டும் வரை அது மாடியிலேயே இருக்கட்டும்.

கட்டிலுக்கு நாடா எங்கே கட்டுவது?

பருத்தி நாடாவை வாங்கி நீங்களே கட்டலாம், இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் பின்ன. நைலான் நாடா வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், படுத்தால் வேர்க்கும்.

சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பெட்டிக்கும் கட்டிலுக்கும் ஒன்றும் இல்லை. தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதைத் தாண்டியவற்றுக்குத்தான். ஆனால் ரசீது வாங்குங்கள், வீட்டில் வாங்கினாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பெயிண்ட்டோடு, இன்றைய தேதி போட்ட முத்திரையோடு படைச் சாமான் விலைக்கு வந்தால் அது எங்கிருந்தோ நடந்து வந்தது என்று அர்த்தம், தொடாதீர்கள். தோட்டாப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே தோட்டா ஏதாவது கிடந்தால் கையில் எடுத்துப் பார்க்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம், பழைய தோட்டா என்பதால் ஆபத்தும்கூட.

விலை எப்படிப் பேசுவது?

காயலான் கடையில் எடைக்குப் பேசுவார்கள், எழுத்தைக் காட்டி ஆசைப்பட்டால் உடனே 'ஆன்டிக்' ஆகிவிடும். அங்கே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் அப்படிச் செய்யாதீர்கள். அவர்கள் இரும்பு விலைதான் கேட்பார்கள், அதற்கு மேல் நீங்களாகவே கொடுங்கள். யாருடையது, எங்கெல்லாம் இருந்தார் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரு டீ வரும், ஒரு போட்டோ வரும். சில சமயம் பேசப் பேச அவர்களே, "இது இருக்கட்டும் தம்பி, விக்கல" என்று சொல்லிவிடுவார்கள். போன மாதம்கூட அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. வெறுங்கையோடு வந்தேன். அடியில் தண்ணீர் நிற்காமல் இருக்க நாலு மரக்கட்டை மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.